நடப்பதற்கு ஒரு பங்கர்

என் வீட்டுக்காரருக்கு வருவதைத் தலைவலி என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தலைவலி எனக்கும்தான் வருகிறது. ஒரு பிளேன்ரீ குடித்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவேன். அவருக்கு வருவது வேறு. வலது கண்ணுக்குப் பின்னால் யாரோ ஆணி வைத்து அறைகிற மாதிரி என்று ஒருமுறை சொன்னார். அதற்குப் பிறகு எப்படி இருக்கிறது என்று நான் கேட்டதில்லை.

மத்தியானச் சாப்பாடு முடிந்து கொஞ்சத்தில் வரும். அநேகமாக ஒவ்வொரு நாளும் அதே நேரம். வலது கண் சிவந்து, அந்தக் கண்ணால் மட்டும் தண்ணீர் வடியும். மூக்கும் அந்தப் பக்கம்தான் ஒழுகும். அவரால் படுக்கவும் முடியாது, குந்தி இருக்கவும் முடியாது. நடக்கத்தான் வேண்டும். பண்டத்தரிப்பில் எங்கள் வளவில் கிணற்றடியிலிருந்து பிலாமரம் வரை போவார், திரும்புவார், மறுபடி போவார். சில நாளில் மரத்தில் நெற்றியை முட்டிக்கொண்டு நிற்பார். அவர் நடந்து நடந்து அந்த வழியில் புல்லே முளைப்பதில்லை.

சிவந்த கண்ணும் தள்ளாடும் நடையும் ஊருக்குப் போதாதா? தில்லைநாதன் பட்டப்பகலிலேயே கள்ளுத் தவறணைக்குப் போய் வருகிறான் என்று சங்கக்கடை வரிசையில் குணலட்சுமி சொன்னாள். அவளுக்குப் பின்னால்தான் நான் நின்றேன்.

"ஓமடி, நீதானே ஊத்திக் குடுத்தனீ," என்றேன்.

ஒரு சொட்டுக் கள்ளு உள்ளே போனால் அந்த வலி நேரம் காலம் பாராமல் வந்து நிற்கும் என்று கண்டு, அவர் குடியை விட்டுப் பல வருசம். சுருட்டையும் விட்டார். புகையிலைத் தோட்டக்காரன் சுருட்டை விடுவதென்றால் சும்மா இல்லை. இதெல்லாம் அவளுக்கு எங்கே தெரியப் போகிறது.

எத்தனையோ பேரிடம் காட்டினோம். பல்லைப் பிடுங்கினார்கள், கண்ணாடி போட்டார்கள், நூல் கட்டினார்கள். யாழ்ப்பாணத்தில் ஒரு டொக்ரர் மட்டும்தான் அவர் சொன்னதை முழுதாகக் கேட்டார். இதற்கொரு பெயர் இருக்கிறது, கொத்துக் கொத்தாக வருகிற சாதி என்றார். சிலருக்கு மாதக்கணக்கில் விட்டுவிடுமாம். இவருடையது விடாத ரகமாம். ஒட்சிசன் பிடித்தால் வலி அமரும், ஆனால் ஒப்பரேசனுக்கே ஒட்சிசனைத் தேடி அலைகிற காலம் அது என்று அவரே சொல்லித் தலையைக் குனிந்தார்.

"இருக்கச் சொல்லி மறிக்காதேங்கோ அம்மா. நடக்கட்டும். நடந்தால்தான் அவருக்குத் தாங்கேலும்," என்றார்.

அதன்பிறகு எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டானது. அவர் மூக்கைத் தேய்த்தால் நான் கோப்பியைக் கடும் கறுப்பாக ஊற்றி வைப்பேன். மகள் வதனி சத்தமாகப் படிப்பதை நிறுத்திவிட்டு, ஒரு வாளி தண்ணீர் அள்ளிக் கிணற்றடியில் வைப்பாள். போகிற வழியில் தலையில் ஊற்றிக்கொள்வார். நான் கதைக்கமாட்டேன், தொடமாட்டேன். அவர் கண்ணில் படுகிற இடத்தில் இருந்து வெங்காயம் பிடி கட்டுவேன். ஒருநாள் வேலை முடிந்து உள்ளே போய்விட்டேன். அவ்வளவு வலியோடும் வாசல்வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி நடந்தார். பிறகு நான் அந்த நேரத்தில் உள்ளே போனதே இல்லை.

தொண்ணூறில் சண்டை திரும்பத் தொடங்கியது. பொம்மர்கள் வந்து குண்டு போட்டன. ஊரில் எல்லாரும் பங்கர் வெட்டினார்கள். நாங்களும் வெட்டினோம். மூன்று பேர் குந்தியிருக்க ஒரு குழி, மேலே பனங்குற்றி, அதற்கு மேல் மண். நல்ல பங்கர்தான், குந்தியிருக்கக்கூடிய ஆளுக்கு.

அது வேண்டுமென்று பார்த்துக்கொண்டிருந்த மாதிரி, வலியும் பொம்மரும் ஒரே நேரத்தில் வந்தன. அவரையும் இழுத்துக்கொண்டு உள்ளே இறங்கினோம். மூச்சு விடுகிற நேரம்கூட அவரால் இருக்க முடியவில்லை. தலையைப் பனங்குற்றியில் மோதிக்கொண்டார்.

"மகாதேவி, எனக்கு உதுக்குள்ளை ஏலாது. நீர் பிள்ளையோடை இரும்," என்று சொல்லிவிட்டு ஏறி வெளியே போய்விட்டார்.

மேலே அந்தச் சனியன் வட்டமடிக்கிறது, கீழே என் புருசன் கிணற்றடிக்கும் பிலாவுக்குமாக நடக்கிறார். நானும் ஓடினேன். கையைப் பிடித்தால் உதறுவார் என்று தெரியும். அதனால் பக்கத்தில் நடந்தேன். குண்டு எங்கேயோ சில்லாலைப் பக்கம் விழுந்தது. திரும்பிப் பார்த்தால் வதனி பங்கருக்கு வெளியே, நடுமுற்றத்தில் நிற்கிறாள்.

"உள்ளுக்கை போடி," என்று கத்தினேன்.

"நீங்கள் ரெண்டு பேரும் வெளியிலை நிண்டால் நான் ஆரோடை அம்மா இருக்கிறது?" என்றாள்.

பிறகும் இரண்டு தரம் அப்படியே நடந்தது, மூன்று பேரும் முற்றத்தில். மூன்றாம் தரம் வலி விட்டதும் அவர் விறாந்தையில் இருந்து மெல்லச் சொன்னார்.

"இனி என்னை விட்டிட்டு நீங்கள் உள்ளுக்கை இருங்கோ. நான் செத்தாலும் வலியாவது நிக்கும். பிள்ளை தப்ப வேணும்."

"வாயைப் பொத்துங்கோ," என்றேன். என் கோபம் அவர் மேலில்லை. இருந்தாலும் அவர்தான் பக்கத்தில் இருந்தார், பேச்சும் அவருக்குத்தான் விழுந்தது.

பேசி முடித்து முற்றத்தைப் பார்த்தபோதுதான் அந்தப் புல் முளைக்காத தடம் கண்ணில் பட்டது. இவரால் பங்கருக்குள் இருக்க முடியாது, சரி. நடக்க முடியும்தானே. அடுத்த நாள் விடிய அலவாங்கை எடுத்து, கிணற்றடியில் தடம் தொடங்குகிற இடத்தில் குத்தினேன்.

பக்கத்து வளவு மார்க்கண்டு அண்ணை வேலிக்கு மேலால் பார்த்தார்.

"என்ன பிள்ளை, பங்கரோ வாய்க்காலோ?"

"பங்கர்தான். இவர் நடக்கிறதுக்கு."

"பிலாவடி வரைக்குமோ? அப்ப யாழ்தேவி இனி உங்கடை வளவாலையோ ஓடப்போகுது?"

ரயில் நின்றுபோன காலம் அது. ஊர் முழுக்க அந்தப் பகிடி பரவியது. மகாதேவியின்ரை ஸ்ரேசனுக்கு எப்ப ரிக்கற் குடுக்கிறது என்று சங்கக்கடையில் கேட்டார்கள். கேளுங்கோ, நல்லாய்க் கேளுங்கோ என்று விட்டுவிட்டேன். அவர் மட்டும் வெட்கப்பட்டார். ஆனாலும் காலையில், வலி வராத நேரத்தில், என்னோடு சேர்ந்து குத்தினார்.

எங்கள் பக்கத்து மண் கொஞ்சம் வெட்டினால் கல். முழங்காலளவுகூடப் போகவில்லை, அலவாங்கு ணங்கென்றது. வேலிக்கு அப்பால் இரண்டு நாள் பார்த்துக்கொண்டிருந்த மார்க்கண்டு அண்ணைக்குப் பொறுக்கவில்லை.

"உப்பிடிக் குத்தினால் கல்லுக்கே சிரிப்பு வரும். விடு பிள்ளை," என்று வேலிப் பொட்டுக்குள்ளால் நுழைந்து வந்துவிட்டார்.

ஆழம் போகாவிட்டால் உயரம் போவோம் என்று சொன்னதும் அவர்தான். உரப்பைகளில் மண் நிரப்பி இரண்டு பக்கமும் சுவராக அடுக்கினோம். என் வீட்டுக்காரரை நடுவில் நிறுத்தி, தலைக்கு மேல் ஒரு சாண் விட்டு, பனங்குற்றிகளைப் பரப்பி மண் போட்டோம்.

"இனித் தலைப்பா கட்டிக்கொண்டும் நடக்கலாம்," என்றார் மார்க்கண்டு அண்ணை.

கார்த்திகையில் மழை விடாமல் பெய்தது. ஊரில் குழிப் பங்கர்களுக்குள் எல்லாம் தண்ணீர் நின்றது. எங்களுடையது நிலத்துக்கு மேலே எழும்பியதால் உள்ளே காய்ந்து கிடந்தது. மழை விட்டு வானம் வெளித்த அன்று, சாப்பிட்டுக் கை கழுவுகிற நேரம், பொம்மர் இரைச்சல் கேட்டது. முதலில் மார்க்கண்டு அண்ணையும் அவர் பெண்சாதி நல்லம்மா அக்காவும் ஓடி வந்தார்கள். பின்னால் இன்னும் நாலைந்து பேர். கடைசியாகக் குணலட்சுமி, தன் இரண்டு பிள்ளைகளோடு. வா என்று நான் சொல்லவில்லை; வராதே என்றும் சொல்லவில்லை.

எல்லாரும் உள்ளே குந்திவிட்டார்கள். அப்போதுதான் பார்க்கிறேன், அவர் வெளியே நின்று மூக்கைத் தேய்க்கிறார். வலது கண் சிவந்துவிட்டது. பங்கர் வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தார். வழி முழுக்கக் கால்கள். முற்றத்துப் பக்கம் திரும்பினார்.

வதனி எழுந்து தகப்பனிடம் போக ஒரு காலை எடுத்து வைத்துவிட்டாள். அவருக்காக வெட்டிய பங்கர், அவருக்குத்தான் இடமில்லை. உயிருக்குப் பயந்து வந்தவர்களை எழும்பு என்று எப்படிச் சொல்வது?

குணலட்சுமிதான் வாசலுக்குக் கிட்ட இருந்தாள். அவர் கண்ணைப் பார்த்தாள். ஒரு கண்ணால் மட்டும் தண்ணீர் ஓடுவதைப் பார்த்தாள். எழும்பி, பிள்ளைகள் இரண்டையும் இழுத்து, முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். அடுத்து நல்லம்மா அக்கா எழும்பினார். பிறகு ஒவ்வொருவராக எல்லாரும். ஒரு பக்கச் சுவரோடு வயிற்றை எக்கிக்கொண்டு வரிசையாக நின்றார்கள். மற்றப் பக்கம் ஓர் ஆள் நடக்க வழி கிடந்தது.

"தில்லை, வா. லைன் கிளியர்," என்றார் மார்க்கண்டு அண்ணை. ஒருவரும் சிரிக்கவில்லை.

அவர் உள்ளே வந்தார். வதனியின் தலையைத் தொட்டுவிட்டு நடக்கத் தொடங்கினார். கிணற்றடி முனைக்குப் போவார், திரும்புவார், பிலாவடி முனைக்கு வருவார். குண்டு விழுந்து நிலம் ஆடியது, மேலிருந்து மண் சொரிந்தது. பிள்ளைகள் அழுதன. அவர் நிற்கவில்லை. ஒவ்வொரு முறை கடக்கும்போதும் நான் நிற்கிறேனா என்று பார்த்துக்கொண்டு போனார். நான் நின்றேன்.

கனநேரத்துக்குப் பிறகு நடை மெதுவானது. பிலாவடி முனையில் சுவரோடு சரிந்து இருந்து, சால்வையால் கண்ணைத் துடைத்தார். முகத்தில் இரத்தம் திரும்பியது. நிமிர்ந்தபோதுதான் எல்லாரும் நிற்பதைக் கண்டார்.

"பொம்மர் எங்கை?" என்று கேட்டார்.

"அது போய்க் கனநேரம்," என்றாள் வதனி.

"அப்ப ஏன் எல்லாரும் நிக்கிறியள்?"

குணலட்சுமி இடுப்பில் தூங்கிப்போன சின்னதைத் தோளுக்கு மாற்றினாள். அவள்மேல் இருந்த கோபம் அன்றோடு போய்விட்டது என்று சொன்னால் பொய். பாதி போனது.

"நீ நடந்து முடியட்டும் எண்டுதான்," என்றார் மார்க்கண்டு அண்ணை. பிறகு கையூன்றி அவருக்குப் பக்கத்தில் இருந்தார்.

நான் எல்லாருக்கும் கோப்பி ஊற்றப் போனேன்.