அவசரமே இல்லை

எங்கள் வக்கீல் ஹார்கிரீவ்ஸுக்கு வாய் என்று ஒன்று இருப்பதை, அவர் சாண்ட்விச் தின்பதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் நம்பினேன். அதுவரை அவர் எனக்கு வெறும் போன் மணி. அது அடித்து ஓய்ந்ததும் ஒரு பெண் குரல் வந்து, சேதியைச் சொல்லிவிட்டு வைக்கச் சொல்லும். சொல்லிவிட்டு வைப்பேன். கிணற்றில் போட்ட கல்தான். மெயில் போட்டால் அவர் விடுமுறையில் இருப்பதாக ஒரு பதில் உடனே வரும். அவருடைய விடுமுறைக்கு இருந்த சுறுசுறுப்பு அவருக்கு இருந்ததில்லை.

நான் ஒன்றும் மாளிகை வாங்கப் புறப்படவில்லை. இங்கிலாந்தில், ஹாலிஃபாக்ஸில், எங்கள் தெருவே ஓர் ஏணி மாதிரி. வீட்டுக்குள்ளும் அதே கதை, படுக்கையறையும் குளியலறையும் மாடியில். என் கணவர் டெஸ்மண்ட் பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய நாள் முதல் முன்னறையில், டிவிக்கும் ஜன்னலுக்கும் நடுவே, இரவல் கட்டிலில் கிடக்கிறார். சமையலறைத் தொட்டியில் தண்ணீர் பிடித்து அவருக்கு உடம்பு துடைத்துவிடுகிறேன். அவருக்குப் பேச்சும் போய்விட்டது. மிச்சம் இருப்பவை 'ஆமா', 'டீ', அப்புறம் 'நாசமாப் போக'. திட்டு மட்டும் எப்படித் தப்பியது என்று டாக்டருக்கும் தெரியவில்லை.

நான் மாடியில் தனியாகத் தூங்குகிறேன். வீடு மாறுவது ஏன் என்று கேட்டவர்களிடமெல்லாம் சக்கர நாற்காலி, அகலமான கதவு என்று காரணம் சொன்னேன். உண்மையில் எனக்கு வேண்டியிருந்தது பக்கத்துத் தலையணையில் அவருடைய குறட்டை.

மாடியில்லாத வீடு ஒன்று அமைந்தது. விற்கிற கிரீன்வுட் அம்மாள் நல்ல மாதிரி. ஈஸ்டருக்கு முன்பே இரு தரப்பும் கையெழுத்துப் போட்டாயிற்று. ஆனால் எங்கள் நாட்டில் கையெழுத்துக்கு ஒரு மரியாதையும் கிடையாது. இரண்டு பக்கத்து வக்கீல்களும் போனில் பேசி 'ஒப்பந்தம் கைமாறியது' என்று சொல்லும்வரை யாரும் எந்த நிமிடமும் விலகிக்கொள்ளலாம். அந்த ஒரு போனுக்காகத்தான் காத்திருந்தோம். கோடையும் முடிந்து, வேலியோரம் பிளாக்பெர்ரி பழுத்து உதிர்ந்தும் போயிற்று.

ஒரு வியாழக்கிழமை வீட்டு புரோக்கர் கேலம் கூப்பிட்டான்.

"மிஸஸ் ஆக்ராய்ட், அந்தம்மா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துட்டாங்க. நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள கைமாறலன்னா வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்களாம். உங்களுக்கு இஷ்டமில்லையோன்னு கேக்கறாங்க."

இஷ்டமில்லையாம்! அன்று இரவு தலையணையைக் குத்தினேன்.

மறுநாள் டெஸ்மண்டை, சக்கர நாற்காலியும் கைத்தடியுமாக, டாக்சியில் ஏற்றிக்கொண்டு வக்கீல் ஆபீசுக்கே போனேன். வரவேற்பு மேஜையில் ஷெரில். என் மகள் வயது, என்னைக் 'கண்ணு' என்பாள்.

"ஃபைல் பார்த்துட்டு இருக்காரு கண்ணு. அப்பாயின்ட்மென்ட் இருக்கா?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்கத்தான் வந்திருந்தேன். என் வாயிலிருந்து வந்தது: "இல்லம்மா, தொந்தரவுக்கு மன்னிச்சுக்கோ. நாங்க இப்படி ஓரமா உக்காந்துக்கறோம்."

ஓரமாக உட்கார்ந்தோம். கடைசியில் கதவு திறந்தது. ஹார்கிரீவ்ஸ் கையில் முட்டை சாண்ட்விச்.

"அடடே, மிஸஸ் ஆக்ராய்ட்! ஏன் இவ்ளோ சிரமம்? ஒரு மெயில் போட்டிருக்கலாமே."

"போட்டேனே. வாராவாரம் போட்டேன்."

"பார்த்தேன், பார்த்தேன். எல்லாத்தையும் படிச்சேன்."

"அப்போ பதில்?"

அவர் மென்று விழுங்கினார். "நீங்கதானே ஒவ்வொரு தடவையும் கடைசியில 'அவசரமே இல்லை, உங்களுக்கு நேரம் கிடைக்கறப்போ போதும்'னு எழுதறீங்க? நாங்க அவசரக்காரங்களைத்தான் முதல்ல கவனிப்போம். முறைன்னு ஒண்ணு இருக்கில்ல."

இந்த ஊரில் ஒருவர் 'அவசரமே இல்லை' என்று எழுதினால் உயிர் போகிறது என்று பொருள். பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூட அது தெரியும். நம் காலை ஒருவர் மிதித்தால் நாம்தான் மன்னிப்புக் கேட்போம், அப்படித்தான் வளர்ந்திருக்கிறோம். இந்த ஆளும் இதே ஊர்த் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்தான். சம்பளம் வாங்குகிற இடத்தில் மட்டும் அந்த மொழி மறந்துபோகுமாம்.

"இன்னும் என்ன பாக்கி?"

"குடிபோற தேதிதான். அந்தப் பக்கத்து வக்கீல் ஒரு தேதி சொல்லியிருக்காரு. அடுத்த மாசம் முதல் திங்கள். உங்களுக்குச் சரியான்னு கேக்கணும்."

"கேட்டீங்களா?"

"கேக்கறதா இருந்தேன்."

கேட்பதாக இருந்தாராம். அந்த வீட்டில் என் புருஷன் கோடை முழுக்கத் தோட்டத்தில் உட்கார்ந்திருக்கலாம்.

"சரிதான். அந்தத் தேதி சரி."

"அருமை! அப்போ அடுத்த வாரம் அவங்களுக்கு ஒரு போன் போட்டுப் பார்க்கறேன்."

"கேலம் இன்னிக்குச் சாயங்காலம்னு கெடு சொன்னான். உங்களுக்கு முடிஞ்சா... முடியலன்னாலும் பரவா..."

பக்கத்தில் டமார் என்று ஒரு சத்தம். டெஸ்மண்ட் கைத்தடியால் மேஜையை அடித்திருந்தார். முகம் சிவந்து, வாய் ஒரு பக்கமாகக் கோணி, தொண்டை நரம்பு புடைத்தது.

"நாசமாப் போக," என்றார். அது பழைய வார்த்தை. பிறகு மூச்சை இழுத்துப் பிடித்து, எதையோ அடியிலிருந்து தூக்குவதுபோல் தூக்கி, இன்னொன்றையும் வெளியே போட்டார்.

"இன்னிக்கு!"

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவர் வாயில் வந்த முதல் புது வார்த்தை அது. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஹார்கிரீவ்ஸ் சாண்ட்விச்சை வைத்துவிட்டு போனை எடுத்தார்.

எதிர்த்தரப்பு வக்கீலின் ஆபீஸ் தெருவுக்கு அந்தப் பக்கம், பேக்கரிக்கு மேலே இருந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன், அந்த மனிதரும் போனை எடுத்தார். வானிலை பற்றி இரண்டு வார்த்தை பேசிக்கொண்டார்கள். அப்புறம் தேதி. அப்புறம் "கைமாறிடுச்சு, நன்றி, நன்றி." அவ்வளவுதான். இதற்குத்தான் எங்கள் வசந்தமும் கோடையும் போயின.

டெஸ்மண்டின் கோட்டுக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தபோது ஷெரில் கேட்டாள்:

"ஒப்பந்தத்தோட நகல் உங்களுக்கு எப்போ வேணும் கண்ணு?"

"அதுக்கென்னம்மா, அவசர..."

டெஸ்மண்ட் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். நான் அவருடைய கோட்டை மறுபடி கழற்றி, பக்கத்திலேயே உட்கார்ந்தேன்.

"இன்னிக்கு," என்றேன்.