கத்திரிப்பூ நிறத்துச் சைக்கிள்

ஒரு சைக்கிளுக்காக ஒரு பொம்பளை இவ்வளவு அலைவாளா என்று இலுப்பூரில் பேசாதவர்கள் குறைவு. ஷெரின் டீச்சர் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. பள்ளிக்கூடத்தில் வேதியியல், வீட்டுக்கு வந்தால் சைக்கிள். கணவன் லியோன்தான் அவ்வப்போது சீண்டுவான். கல்யாணத்தன்றுகூடத் தன்னை அவள் இப்படி உற்றுப் பார்த்ததில்லை என்பான்.

அது லேசுப்பட்ட சைக்கிள் இல்லை. முப்பது வருஷத்துக்கு முன்னால் இங்கிலாந்தில் பேரி ஹோல்ட் என்பவர், தன் வீட்டுக் கொட்டகையில் தனியாளாக எஃகுக் குழாய்களை அறுத்து, பித்தளையை உருக்கி ஒட்டிச் செய்த மலைச் சைக்கிள். அப்படி அவர் செய்தவை கொஞ்சம்தான். கண்மாய் வேலைக்காக இங்கே வந்து தங்கிய ஒரு வெள்ளைக்கார இன்ஜினியர் அதைக் கையோடு கொண்டுவந்து, அன்னவாசல், சித்தன்னவாசல் பொட்டலெல்லாம் சுற்றியிருக்கிறார். திரும்பிப் போகும்போது, தனக்குச் சமைத்துப் போட்ட இருளாண்டியிடம் கொடுத்துவிட்டார். இருளாண்டி இரண்டு பக்கமும் கேன் கட்டி வருஷக்கணக்காகப் பால் ஊற்றினார்.

ஷெரின் கண்ணில் பட்டபோது அது மாட்டுக் கொட்டகையில் பச்சை நிறத்தில் சாய்ந்து கிடந்தது. அதை இருளாண்டியிடம் விலைக்கு வாங்கி வந்து, பெடல் அச்சுக்கு அடியில் பொறித்திருந்த எண்ணை வைத்து இணையத்தில் தேடினாள். ஹோல்ட் சைக்கிள்களைத் தேடிப் பதிவு செய்யும் ஒரு குழு அகப்பட்டது. அதிலிருந்து பிடித்தது பைத்தியம்.

பச்சையைச் சுரண்டினால் சிவப்பு. சிவப்புக்கு அடியில் நீலம். அதற்கும் அடியில், மெல்லிய கத்திரிப்பூ நிறம். அதற்குக் கீழே வெறும் எஃகு. ஆகவே கத்திரிப்பூதான் ஹோல்ட் கையால் அடித்த வண்ணம் என்று ஷெரின் முடிவு கட்டினாள். மற்ற வண்ணங்களை மட்டும் பிளேடால் பொறுமையாக எடுத்து, அதைக் காப்பாற்றினாள். படங்களைப் பார்த்துக் குழு துள்ளிக் குதித்தது. இந்த நிறத்தில் ஹோல்ட் சைக்கிளை யாரும் கண்டதேயில்லை. குழு வெளியிடப்போகும் புத்தகத்தின் அட்டையில் அவள் சைக்கிள்தான் என்று முடிவாயிற்று.

அதோடு ஹோல்டே எழுதிவிட்டார். மனிதருக்கு எண்பது தாண்டிவிட்டது. அந்த நிறத்தைத் தன் மனைவி மோரீன்தான் தேர்ந்தெடுத்தாள், இப்போது நன்றாக ஞாபகம் வருகிறது, அவள் போனபிறகு தனக்குக் கிடைத்த பெரிய சந்தோஷம் இது என்று எழுதியிருந்தார். ஷெரினுக்குக் கண் கலங்கிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சைக்கிளை இருளாண்டி வீட்டுக்கு ஓட்டிப்போனாள். பழைய சொந்தக்காரர் பார்க்க வேண்டாமா? அவர் மனைவி மருதாயி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, சைக்கிளின் பிரேமைத் தடவிப் பார்த்தாள்.

"அட, நான் அடிச்ச கலரு அப்படியே இருக்கே, டீச்சர்."

ஷெரின் குனிந்து பிரேமைப் பார்த்தாள். "நீங்க அடிச்சதாங்க? எப்ப?"

வண்டி வந்த முதல் மாட்டுப் பொங்கலுக்கு என்றாள் மருதாயி. ஹேண்டில்பாரின் இரண்டு நுனியிலும் மேல்நோக்கி வளைந்து இரண்டு பிடிகள் இருந்தன. பார்த்தால் அச்சு அசலாகக் கொம்பு. மாட்டுக் கொம்புக்கு வாங்கிய பெயின்ட்டை அதற்கும் அடித்தாள். மிச்சத்தைப் பிரேமுக்கு அடித்தாள். பெயின்ட் பிடிக்க வேண்டுமே என்று உப்புத்தாள் போட்டு, பழையது துளியும் இல்லாமல் தேய்த்து எடுத்திருக்கிறாள்.

"கொம்பும் இருக்கு, வீட்டுக்குப் பாலும் சொமக்குது. அப்பறம் மாடு இல்லாம என்னவாம்?"

"அதுக்குப் பொங்கலும் ஊட்டுனா, டீச்சர்," என்றார் இருளாண்டி. "செயினுல தேடிப் பாருங்க, பருக்கை இருக்கும்."

ஷெரினால் சிரிக்க முடியவில்லை. "மொதல்ல என்ன கலருங்க இருந்துச்சு?"

"கறுப்பு. நல்ல எருமைக் கறுப்பு."

வீட்டுக்கு வந்தவள் முன்சக்கரத்தைத் தாங்கும் போர்க்கைக் கழற்றினாள். முன் குழாயில் பேரிங் உட்காரும் கிண்ணங்கள் உறுதியாக இருந்ததால் அதுவரை அவற்றைப் பிரித்ததில்லை. இப்போது தட்டி எடுத்து டார்ச் அடித்துப் பார்த்தாள். உப்புத்தாள் எட்டாத குழாயின் உள்பக்கத்தில் கறுப்புப் பெயின்ட் தெறித்திருந்தது.

லியோன் எல்லாவற்றையும் கேட்டான். பேசாமல் விட்டுவிடு என்றான். மருதாயியக்கா இங்கிலாந்துக்குப் போன் போட்டுச் சொல்லவா போகிறது? கிழவனாரின் சந்தோஷத்தை எதற்குக் கெடுக்க வேண்டும்?

அதுதான் அவளையும் அரித்தது. அட்டைப்படம் போனால் போகட்டும். செத்துப்போன மனைவியின் ஞாபகத்தை ஒரு மனிதரிடமிருந்து பிடுங்குவதா? பேசாமல் இருக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தாள். ஆனால் அவள் படத்தைப் பார்த்துவிட்டு, குழுவில் இரண்டு பேர் தங்கள் ஹோல்ட் சைக்கிளின் கறுப்பை உரசியெடுத்துக் கத்திரிப்பூ அடிக்க ஏற்பாடு செய்துகொண்டிருந்தார்கள். அந்தக் கறுப்பு அவர் கையால் அடித்தது. போனால் திரும்ப வராது.

குழுவுக்கு ஒன்று, ஹோல்டுக்குத் தனியாக ஒன்று என எழுதினாள். மாட்டுப் பொங்கலையும் கொம்பையும் விளக்கி, உள்பக்கத்துப் படத்தையும் சேர்த்து அனுப்பினாள்.

குழு நன்றி சொல்லிவிட்டு அட்டைப்படத்தை மாற்றிக்கொண்டது. ஹோல்டிடமிருந்து வெகுநாள் சத்தமே இல்லை. ஷெரின் சைக்கிள் பக்கமே போகவில்லை. போர்க் தனியாக, பிரேம் தனியாகக் கிடந்தன. லியோன் சீண்டுவதையும் நிறுத்திவிட்டான்.

ஒரு சாயங்காலம் பதில் வந்தது.

"நான் அடித்தது கறுப்புதான். அந்த நாளில் எல்லாவற்றுக்கும் கறுப்புதான் அடிப்பேன், ஒட்டு வேலையில் உள்ள குறையை அது மறைக்கும். ஒன்றையாவது இந்த நிறத்தில் செய்யச் சொல்லி மோரீன் கேட்டுக்கொண்டேயிருந்தாள். நான் செய்யவேயில்லை. செய்துவிட்டதாக நினைத்துக்கொள்வது எனக்கு ஆறுதலாக இருந்திருக்கிறது. அவள் கேட்டதை உங்கள் ஊரில் ஒரு பெண் செய்திருக்கிறார். அவரிடம் சொல்லுங்கள். அந்தப் பெயின்ட்டைச் சுரண்டிவிடாதீர்கள்."

மறுநாளே ஷெரின் பிரித்துப் போட்ட சைக்கிளைத் திரும்பப் பூட்டி ஓட்டிக்கொண்டு போய், அதை மருதாயிக்குத் தமிழில் சொன்னாள். மருதாயி கவனமாகக் கேட்டாள்.

"கட்டுனவ அத்தன தடவ கேட்டும் அடிச்சுக் குடுக்கலையாக்கும்?" என்று சொல்லிவிட்டு, என்னவோ இருளாண்டிதான் அடிக்காமல் விட்டவர் மாதிரி அவரைத் திரும்பி முறைத்தாள்.