எந்தப் பக்கத்திலும் இல்லாத பம்பு நிலையம்

1.
இந்தக் கதை ஒரு தடையிலிருந்து பிறந்தது. "உங்களுக்கு இதில் உறவு உண்டு, அதனால் நீங்கள் எழுதக்கூடாது" என்று ஒருவர் சொல்லிவிட்டார். கலைக்களஞ்சியத்தில்தானே எழுதக்கூடாது, கதையில் எழுதினால் யார் கையைப் பிடிப்பார்கள் என்று இங்கே வந்துவிட்டேன்.

நான் முதலில் எழுதிய தொடக்கம் இது: அன்று காலை ஆறு வழக்கம்போல அமைதியாக

(போதும். குண்டு விழும் கதைகளில் எல்லா ஆறும் அமைதியாகத்தான் ஓடுகிறது.)

2.
யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய இணையக் கலைக்களஞ்சியம் ஒன்றில் பல வருடங்களாகச் சம்பளமில்லாமல் எழுதுகிறேன். வீட்டில் இதற்கு வெட்டிவேலை என்று பெயர். நான் பிறந்த மாகாணத்தில் போர் வந்ததும், அங்கே நடக்கும் தாக்குதல்களுக்கென்று ஒரு பக்கம் திறந்தோம். பிள்ளை பிறந்த வீட்டில் பெயர் வைக்கச் சண்டை வருமே, அப்படி ஒரு சண்டை வந்தது. 'குண்டுவீச்சு' என்றால் பீரங்கி சேராது. 'போர்' என்றால் அதற்கு ஏற்கெனவே தனிப் பக்கம் இருக்கிறது. கடைசியில் 'மாகாணத்தின் மீதான தாக்குதல்கள்' என்று வைத்தோம். அதில் யாருக்கும் முழுத் திருப்தி இல்லை.

வினை அந்தப் பெயரிலேயே இருந்தது. மாகாணத்துக்குக் குடிநீர் அனுப்பும் பம்பு நிலையம் ஆற்றின் அக்கரையில், அண்டை மாகாண எல்லைக்குள் இருக்கிறது. அதன் மீது விழுந்த குண்டைப் பற்றி ஒரு வரி சேர்த்தேன். 'அளவுகோல்' என்ற புனைபெயர்க்காரர் நீக்கினார். "நிலையம் இந்த மாகாணத்தில் இல்லை" என்று காரணம் எழுதினார். அண்டை மாகாணத்தின் பக்கத்துக்குத் தூக்கிக்கொண்டு போனேன். "அது உங்கள் தண்ணீர், உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள்" என்றார்கள். நான்கு பேர் செத்த இடத்துக்கு ஒரு பக்கத்திலும் இடமில்லை.

3.
(அளவுகோலைப் பாத்திரமாக்க எடுத்த முயற்சிகள்.)

முதல் வரைவில் வில்லனாக்கினேன். ஒடுங்கிய முகம், கசங்காத சட்டை, மேசையில் நிஜமாகவே ஓர் அளவுகோல். அடித்துவிட்டேன், ஏனென்றால் நான் அந்த முகத்தைப் பார்த்ததே இல்லை. பெண்ணாகக்கூட இருக்கலாம். அடுத்த வரைவில் தங்கமான மனிதராக்கினேன். என் வரியைத் திரும்பத் திரும்ப நீக்கியவரைத் தங்கமாக்க எனக்கு மனம் வரவில்லை. நடந்ததை நடந்தபடியே வைக்கிறேன்.

எழுதுபவர்கள் தங்களுக்குள் விவாதிக்கும் உரையாடல் பக்கத்தில் அவர் கேட்டார்: "இந்த ஒரு நிகழ்வில் மட்டும் ஏன் இத்தனை பிடிவாதம்? உங்களுக்கு உறவு ஏதும் உண்டா?"

பொய் சொல்லியிருக்கலாம். "உண்டு. இறந்தவர்களில் ஒருவர் என் அக்காவின் கணவர்" என்று எழுதினேன்.

"மிகவும் வருந்துகிறேன்" என்றார். அடுத்த வரியிலேயே, "அப்படியானால் விதிப்படி நீங்கள் எழுதக்கூடாது."

கணினியைப் பட்டென்று மூடிவிட்டு அக்காவை அழைத்தேன்.

4.
மாமா அந்த நிலையத்தில் பம்பு ஓட்டினார். அக்கா அங்கேயே தண்ணீரைப் பரிசோதிப்பவள். இருவரும் ஒரே வேனில் போய் ஒரே வேனில் திரும்புவார்கள். குண்டு விழுந்த அன்று அவளுக்கு விடுப்பு.

அளவுகோல் எழுதியதைச் சொன்னேன். "அவர் சொல்றது சரிதானேடா" என்றாள்.

"நீயுமா?"

"நீ எழுதினா மாமாவைப் பத்திதான் எழுதுவ. மத்த மூணு பேருக்கும் எழுதறதுக்கு மச்சான் இல்லையே."

அவளுக்குப் பின்னால் ஏதோ உறுமிக்கொண்டிருந்தது.

"என்னக்கா சத்தம்?"

"பம்புதான். மோட்டாரைப் புதுசா ஏத்திட்டாங்க, பேப்பர்லகூட வந்துச்சு. வால்வை என்னையே திறக்கச் சொன்னாங்க. திறந்தேன். கொஞ்ச நேரம் அழுதேன். அப்புறம் வேலை இருக்கேன்னு பாட்டில்ல தண்ணி பிடிக்கப் போயிட்டேன்." பிறகு அவளே சொன்னாள்: "யார் எழுதினாலும் சரி. குண்டு விழுந்துச்சுன்னு மட்டும் சொல்லிட்டு விட்டுடக் கூடாது. ஓடுதுன்னும் எழுதச் சொல்லு."

(இந்த இடத்தில் அவள் குரல் தழுதழுத்ததாக எழுதியிருந்தேன். தழுதழுக்கவில்லை. தழுதழுத்தது நான்.)

5.
அவள் சொன்னதை அளவுகோலிடம் அப்படியே சொன்னேன். செய்தித்தாள் ஆதாரங்களையும் கொடுத்தேன். மறுநாள் பதில் வந்தது.

"குண்டு எங்கே விழுந்தது என்று அளந்துகொண்டிருந்தேன். குழாய் எங்கே வறண்டது என்றும் அளந்திருக்க வேண்டும். தலைப்பை விரிக்கலாம். அந்த வரியை நானே எழுதுகிறேன்."

இப்போது அந்தப் பக்கத்தின் பெயர் 'மாகாணத்தின் மீதும் அதன் நீர், மின் வழங்கல் மீதுமான தாக்குதல்கள்'. ரயில் மாதிரி நீளம். ஒருவர்கூட எதிர்க்கவில்லை. அளவுகோல் எழுதிய வரிகள் இவை: "அக்கரைப் பம்பு நிலையம் தாக்கப்பட்டதில் பணியிலிருந்த நால்வர் இறந்தனர். நிலையம் சீரமைக்கப்பட்டு இயங்குகிறது."

அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். "நாலு பேரும் இருக்காங்க" என்றாள்.

6.
முடிவுக்கு இரண்டு யோசனைகள் இருந்தன. ஒன்றில் நான் பாலத்தைக் கடந்து நிலையத்துக்குப் போகிறேன், வாசலில் அளவுகோல் நிற்கிறார். (சினிமா.) இன்னொன்றில் போர் முடிந்துவிடுகிறது. அதை எழுதிப் பார்த்தேன், கை கூசியது. அது என் கையில் இல்லை.

ஆனால் அந்தப் பக்கத்தின் முதல் வரியில் ஓர் அடைப்புக்குறி இருக்கிறது. தொடங்கிய ஆண்டை எழுதி, 'முதல்' என்று போட்டு, அதற்குப்பின் அளவுகோல் கொஞ்சம் இடம் விட்டு வைத்திருக்கிறார். ஏன் என்று கேட்டேன். "முடிகிற ஆண்டை வைக்கத்தான்" என்றார். அன்றிலிருந்து நான் அவரைத் தங்கமென்று சொல்லத் தயார்.

அந்த ஆண்டு உங்களுக்குத் தெரியவரும் நாளில் என்னைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். இங்கேயும் இடம் விட்டிருக்கிறேன், எழுதிவிடுங்கள்.

(போர் தொடங்கிய ஆண்டு முதல் ............ வரை)