வெள்ளிக்கிழமை பத்து மணிப் பயணி

அந்த சூட்கேஸின் சக்கரங்கள்தான் என்னை முதலில் உறுத்தின.

காலை பத்து மணிக்கு உள்ளே வரும்போது கடகடவென்று துள்ளிக்கொண்டு வரும். ஒரு மணிக்கு வெளியே போகும்போது சத்தமே வேறு. தரையோடு ஒட்டி, அடங்கி, உர்ரென்று போகும். இருபத்திரண்டு வருடமாக பேரிங் சத்தத்தைக் கேட்டே பழுது கண்டுபிடிப்பவள் நான். காலியாக வரும் பெட்டி கனத்துத் திரும்புகிறது என்று தெரிந்துகொள்ள எனக்குத் தராசு வேண்டாம்.

என் பெயர் ரிம்மா. மாஸ்கோவுக்கு வெளியே, தனியார் ஜெட் விமானங்கள் நிற்கும் ஹேங்கர் ஒன்றில் எஞ்ஜினியர். சூட்கேஸ்காரர் க்லெப் ஸ்தெபானவிச். நிக்கல் விற்றுக் கோடீஸ்வரர் ஆனவர். போர் தொடங்கிய வசந்தத்தில் ஐரோப்பாவின் தடைப் பட்டியலில் அவர் பெயர் ஏறியது. நீஸ் நகரத்துப் பங்களாவுக்குப் பூட்டு விழுந்தது. லண்டன் கணக்கு முடங்கியது. அவருடைய வெள்ளை ஜெட் எங்கள் ஹேங்கரின் மூன்றாம் இடத்தில் வந்து நின்றது. நின்றதுதான். மேற்கே பறந்தால் பிடித்து வைத்துக்கொள்வார்கள். இன்சூரன்ஸ் தர ஆளில்லை. தயாரித்த கம்பெனி எங்கள் ஈமெயிலுக்குப் பதில் போடுவதை நிறுத்தி ஒரு வருடம் ஆகிறது. ஒரு ரப்பர் வளையம்கூட அங்கிருந்து வராது.

அந்த விமானத்துக்குத்தான் பிப்ரவரியிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் சூட்கேஸோடு வந்தார் அவர். படியேறி, கதவைச் சாத்திக்கொண்டு, மூன்று மணி நேரம்.

"உள்ள என்னதான் பண்றார்?" என்று எங்கள் தலைவர் தராஸ் லுகிச்சிடம் கேட்டேன்.

"உக்காந்து யோசிக்கிறாராம்."

"மூணு மணி நேரமா?"

"அவ்வளவு பணம் போனா நீ மூணு வருஷம் யோசிப்ப. போய் டீயைக் குடி."

தராஸ் லுகிச்சின் மேஜை டிராயரில் வெள்ளிக்கு ஒன்றாக ஆர்மீனிய பிராந்தி பாட்டில்கள் சேர்ந்துகொண்டிருந்ததை நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். யோசிப்பதற்கான வாடகை.

ஏழாவது வெள்ளி. காலை ஒன்பது மணிக்கு தராஸ் லுகிச்சே என்னைத் தேடி வந்தார். கையில் காகிதக் கட்டு. முகத்தில் வழக்கத்துக்கு மாறான சுறுசுறுப்பு.

"ரிம்மா, மூணாம் இடத்து விமானம் வித்துப் போச்சு. திங்கக்கிழமை துபாய்லருந்து வாங்கறவனோட ஆள் வர்றான். செவ்வாய்க்கிழமை பறக்குது. எல்லா பாகமும் இருக்குன்னு நீ ஒரு கையெழுத்துப் போட்டுக் கொடு."

"க்லெப் ஸ்தெபானவிச் விக்கிறாரா?"

"அவர் எங்க விக்கிறது? அது அவர் விமானமே இல்லை. தடைப் பட்டியல் வர்றதுக்கு நாலு நாள் முன்னாடி பொண்டாட்டியை டைவர்ஸ் பண்ணி எல்லாத்தையும் அவ பேருக்கு மாத்தினார். சும்மா, பேப்பர்ல."

"அப்புறம்?"

"அப்புறம் லாரிஸாவுக்கு அந்தப் பேப்பர் பிடிச்சுப் போச்சு." தராஸ் லுகிச் வயிறு குலுங்கச் சிரித்தார். "துபாய்ல இருக்கா. அவரோட போனை எடுக்கறதில்லையாம்."

கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தேன். சக்கரச் சத்தம் ஞாபகம் வந்தது. பேனாவை வைத்துவிட்டு டார்ச்சை எடுத்துக்கொண்டேன்.

வாரா வாரம் நான் அந்த விமானத்தைச் சோதிக்கிறேன். சோதிப்பது என்றால், மூடித் தகடுகளின் மேல் ஒட்டிய காகித முத்திரை கிழியாமல் இருக்கிறதா, அதில் என் கையெழுத்து இருக்கிறதா என்று பார்ப்பது. பறக்காத விமானத்தில் தகட்டைக் கழற்றி உள்ளே வேறு பார்ப்பானேன்? எல்லோரும் செய்வதுதான். அன்று முதல் முறையாக முத்திரையைக் கிட்டத்தில் பார்த்தேன்.

கையெழுத்து அழகாக இருந்தது.

அதுதான் விஷயம். என் கையெழுத்து அழகாக இருக்காது. கடைசி எழுத்தின் வால் கோணிக்கொண்டு கீழே விழும். இதில் வால் வளைந்து, நிமிர்ந்து, அச்சடித்த மாதிரி நின்றது.

தகட்டைக் கழற்றினேன். உள்ளே எஞ்ஜினைக் கட்டுப்படுத்தும் பெட்டி இருக்க வேண்டிய இடத்தில் ஒயர்கள் மட்டும், முனைகளில் ஒழுங்காக டேப் சுற்றப்பட்டு. அடுத்த தகடு. கேபின் காற்றழுத்தக் கருவி இல்லை. அடுத்தது. பிரேக் வால்வு இல்லை. மொத்தம் ஆறு பாகங்கள். ஆறு வெள்ளிக்கிழமைகள்.

எங்கள் நாட்டில் இந்தப் பாகங்கள் இன்று தங்கம். பாகம் இல்லாமல் தரையில் நிற்கிற விமானங்களின் சொந்தக்காரர்கள் கேள்வி கேட்காமல் வாங்கிக்கொள்வார்கள். ஆறு வாரமும் 'எல்லாம் சரி' என்று எழுதியிருப்பது என் கை. முத்திரையில் இருப்பது என் பெயர். யார் கழற்றி விற்றது என்று கேட்டால் எவன் கோடீஸ்வரரைச் சொல்வான்? உரிமம் போகும். அதோடு விட்டால் அதிர்ஷ்டம். திருடியவரைப் பொருளோடு பிடித்தால்தான் நான் தப்பிக்க முடியும்.

மணி ஒன்பது ஐம்பது. தகடுகளை மூடிவிட்டு, விமானத்தின் பின்பக்கக் கழிவறைக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டேன். விரல் நுழையும் அளவுக்கு மட்டும் இடுக்கு.

பத்து மணிக்குச் சக்கரங்கள் வந்தன. துள்ளவில்லை. உர்ரென்று வந்தன.

இன்று கனமாகவே வருகிறாரே? ஏன்?

க்லெப் ஸ்தெபானவிச் கோட்டைக் கழற்றி மடித்து வைத்தார். உள்ளே பழைய நீலச் சட்டை. பையிலிருந்து ஸ்பேனர். முழங்காலிட்டு, தரைத் தகடு ஒன்றைத் திறந்து, ஏழாவது பெட்டியை இருபது நிமிடத்தில் வெளியே எடுத்துவிட்டார். சும்மா சொல்லக் கூடாது, சுத்தமான வேலை. என் ஆட்களில் இருவருக்கு அந்தக் கை வராது. பிறகு நாக்கைத் துருத்திக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி, புதுக் காகித முத்திரை ஒட்டி, அதில் என் கையெழுத்தை எழுதினார்.

இனி கிளம்புவார் என்று நினைத்தேன். கிளம்பவில்லை. ஜன்னல் ஓரமாகத் தன் இருக்கைக்குப் போய் உட்கார்ந்தார். பெல்ட்டைப் போட்டுக்கொண்டார். ஜன்னல் மறைப்பை மேலே தள்ளினார். வெளியே ஹேங்கரின் தகரச் சுவரும் ஒரு தீயணைப்பு வாளியும். அதையே பார்த்துக்கொண்டு இரண்டரை மணி நேரம். நான் கழிவறையில் ஒற்றைக் காலை மாற்றி மாற்றி நின்றேன்.

ஒரு மணிக்குச் சற்று முன் பெல்ட்டைக் கழற்றினார். கோட்டைப் போட்டார். சூட்கேஸைப் படுக்க வைத்து, அதன் மேல் உட்கார்ந்து, கைகளை முழங்கால் மேல் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வீட்டுக்குப் போகிறவன் இப்படி உட்காரமாட்டான். எங்கள் ஜனம் தூரப் பயணம் கிளம்பும் முன்தான் மூட்டை முடிச்சின் மேல் ஒரு நிமிடம் பேசாமல் உட்காரும். இவர் ஊரை விட்டே போகிறார். ஆறு பெட்டியையும் கொண்டு வந்திருக்கிறார், ஏழாவதோடு நேரே ஏர்போர்ட். இந்தப் படியை விட்டு இறங்கினால் என் கதை முடிந்தது.

கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தேன்.

அவர் கண்ணைத் திறந்தார். பதறவில்லை. உதட்டின் மேல் விரலை வைத்து, எதிர் இருக்கையைக் காட்டினார். வழியனுப்புகிறவர்களும் உட்கார வேண்டும், அந்த ஒரு நிமிடத்தில் யாரும் பேசக் கூடாது. என்ன செய்ய? திருடனுக்கு எதிரே நானும் உட்கார்ந்தேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு ஒரு முழு நிமிடம்.

"ம்" என்று மூச்சு விட்டார். "இப்ப சொல்லு. கழிவறையில எத்தனை நேரம்?"

"மூணு மணி நேரம்."

"அதுல தண்ணிகூட வராதே."

"வடிச்சு வெச்சதே நான்தான். எனக்குத் தெரியாதா? பெட்டியைத் திறங்க, க்லெப் ஸ்தெபானவிச்."

"என் பெட்டி."

"உள்ள இருக்கறது?"

"என் விமானத்தோடது."

"பேப்பர்ல லாரிஸாவோடது."

அவர் முகம் சுருங்கியது. "எங்க தெருவுல பதினோரு வீடும்மா. அந்த வசந்தத்துல ஒன்பது வீட்டுல டைவர்ஸ். ஒரே வக்கீல். எங்க எல்லாரையும்விட இப்ப அவன்தான் பணக்காரன்." சூட்கேஸைத் தட்டினார். "இது ஏழும் இல்லாம இந்த விமானம் ஒரு அடி நகராது. நம்ம நாட்டுல எங்கேயும் கிடைக்காது. எவன் என்னைப் பட்டியல்ல போட்டானோ அவனே எனக்குப் பூட்டு செஞ்சு கொடுத்துட்டான், பாரு. நாலு மணிக்கு துபாய் விமானம். லாரிஸா மேஜை மேல ஒண்ணொண்ணா அடுக்கறேன். பாதியை என் பேருக்கு எழுது, அப்புறம் பெட்டியைத் தொடுன்னு சொல்றேன்."

"இத்தனை நாள் இதையெல்லாம் எங்க வெச்சிருந்தீங்க?"

"அம்மாவோட பழைய பிளாட்ல. வீடும் லாரிஸா பேர்லதானே போச்சு."

"பிளாட்ல எங்க?"

"பால்கனியில. உருளைக்கிழங்கு மூட்டைக்குப் பக்கத்துல."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியவில்லை. ஊரில் எல்லோரும் எல்லாவற்றையும் பால்கனியில்தான் வைக்கிறோம். ஸ்கீ, ஊறுகாய் ஜாடி, உடைந்த நாற்காலி.

"பிப்ரவரியில மைனஸ் இருபத்தஞ்சு போச்சு," என்றேன். "உங்க கையில இருக்கறதுல ஆறு வெறும் செங்கல்."

"என்ன உளர்ற? குய்பிஷெவ் விமான ஆலையில ஒன்பது வருஷம் பிட்டர் நான். கழட்டுவோம், துடைப்போம், மாட்டுவோம். பறக்கும்."

"அது அந்தக் காலத்து விமானம். இதுல ஒவ்வொரு பாகத்துக்கும் பாஸ்போர்ட் உண்டு. யார் கழட்டினது, எங்க வெச்சது, எத்தனை டிகிரி. நடுவுல ஒரு நாள் கணக்கு இல்லேன்னாலும் தயாரிச்சவன் மறுபடி சோதிச்சுச் சான்று தரணும். தயாரிச்சவன் நம்ம கடிதத்தையே பிரிக்கறதில்லை. முதல் பெட்டியை நீங்க கழட்டின அன்னிக்கே இந்த விமானம் செத்துப் போச்சு. லாரிஸாவுக்கும் இல்லை, உங்களுக்கும் இல்லை."

நீண்ட நேரம் அவர் ஜன்னலுக்கு வெளியே அந்த வாளியைப் பார்த்தார்.

"யாருக்கும் தெரியாம நீ திரும்ப மாட்டிட்டா?"

"செவ்வாய்க்கிழமை இதுல இரண்டு பைலட் ஏறுவாங்க."

நான் விமானத்தின் சோதனைப் பதிவேட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். "நடந்ததை எழுதப் போறேன். முத்திரையை மட்டும் பாத்துட்டு நான் ஆறு வாரம் கையெழுத்துப் போட்டதையும் சேர்த்து. நீங்க எடுத்தீங்கன்னு கீழ நீங்க எழுதணும். எழுதினா லாரிஸா இதை முழு விலைக்கு விக்க முடியாது. எழுதலேன்னா கேட்ல போலீஸ் நிக்கும், நாலு மணி விமானம் போயிடும்."

"உங்க உரிமம் போயிடுமே, ரிம்மா இல்தாரவ்னா?" முதல் முறையாகத் தகப்பன் பெயரோடு முழுப் பெயரும் மரியாதையும் வந்தன.

"போகலாம்."

பேனாவைக் கேட்டு வாங்கினார். நான்கு வரி. ஏழு பாகங்களின் பெயரும் பிழையில்லாமல். கையெழுத்து என்னுடையதைவிட அழகாகத்தான் இருந்தது.

"இப்பவும் துபாய்க்குப் போறீங்களா?" என்றேன்.

"உக்காந்து எழுந்தாச்சு. இனி போகாம இருக்கக் கூடாது." கோட்டின் பொத்தானைப் போட்டார். "இருபத்தேழாவது வரிசை, நடு சீட். சாப்பாடு தருவாங்களா, கையில கொண்டு போகணுமா?"

"கொண்டு போயிடுங்க."

ஏழு பெட்டிகளையும் எடுத்து இருக்கைகளில் அடுக்கிவைத்தார். காலி சூட்கேஸ் படியில் இறங்கி ஹேங்கர் தரையில் கடகடவென்று துள்ளிக்கொண்டு போனது. வெளியே போகும்போது அந்தச் சத்தத்தை அன்றுதான் கேட்டேன்.

திங்கட்கிழமை வந்த துபாய் ஆள் பதிவேட்டின் அந்தப் பக்கத்தைப் படித்தான், இன்னொரு முறை படித்தான், டீகூடக் குடிக்காமல் போய்விட்டான். தராஸ் லுகிச் பிராந்தி பாட்டில்களை அட்டைப் பெட்டியில் போட்டு எடுத்துக்கொண்டு வேலையை விட்டுப் போனார். என்னை விசாரிக்க மூன்று பேர் வந்தார்கள். ஒரு நாள் முழுக்கக் கேள்வி. உரிமத்தை மேஜை மேல் வைக்கச் சொன்னார்கள். வைத்தேன்.

"இந்த வகை விமானத்துக்கு வேற யார்கிட்ட உரிமம் இருக்கு?" என்று விசாரணைக் குழுவின் தலைவர் பக்கத்திலிருந்தவரைக் கேட்டார்.

"இவங்களோட சேர்த்து நாலு பேர், சார். இரண்டு பேர் துபாய் போயிட்டாங்க. ஒருத்தர் ரிட்டயர்."

"புதுசா யாரையாவது பயிற்சிக்கு அனுப்பினா?"

"எங்க அனுப்பறது? தயாரிச்சவங்கதானே பயிற்சி தரணும்."

தலைவர் என் உரிமத்தை விரலால் மெல்ல என் பக்கம் தள்ளினார். கடும் எச்சரிக்கை, மூன்று மாத போனஸ் ரத்து. நானும் கிடைக்காத உதிரி பாகம்தான் என்று அப்போதுதான் உறைத்தது.

எழுந்து கதவு வரை போனேன்.

"ஒரு நிமிஷம்," என்றார் தலைவர். குரலில் விசாரணை இல்லை. "ஒரு பெட்டி கழட்ட இருபது நிமிஷம்னு எழுதியிருக்கீங்க. மிச்ச நேரம் அவர் என்ன பண்ணினார்?"

"பெல்ட் போட்டுக்கிட்டு உக்காந்திருந்தார்."

"பெல்ட்டா? ஹேங்கருக்குள்ளயா?"

"ஆமாம்."

அவர் பேனா காகிதத்தின் மேல் சிறிது நேரம் நின்றது. பிறகு, எதுவும் எழுதாமல், மூடியைப் போட்டுச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார்.