காபி சரியில்லை

மெஷின் பாதிக் கோப்பையில் நின்றுவிட்டது. அவள் பொத்தானை மறுபடியும் அழுத்தினாள். உள்ளே எதுவோ உறுமியது, குழாயில் கொஞ்சம் நுரை எட்டிப் பார்த்தது, அத்தோடு சரி. தீவிர சிகிச்சைப் பிரிவின் வராந்தாவில் அந்தப் பாதிக் கோப்பையோடு நின்றவளுக்கு, இதைப் போய் கணவரிடம் சொல்ல வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது. சொன்னால் விடமாட்டார். பம்பு தேய்ந்துவிட்டது என்பார், தூளில் பாதி கலப்படம் என்பார், இந்த ஆஸ்பத்திரிக்காரர்களுக்கு இதயத்தைத் திறந்து மூடத் தெரிகிறது, ஒரு காபி மெஷினைத் திறந்து துடைக்கத் தெரியவில்லையே என்பார். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அவர் வாயில் குழாயோடு கிடந்தார். முந்தின நாள் காலை, வேலை செய்துகொண்டிருந்த கட்டடத்தின் மோட்டார் அறையில் மயங்கி விழுந்தவர் பிறகு கண்ணைத் திறக்கவே இல்லை.

அவர் லிஃப்ட் மெக்கானிக். கூட வேலை செய்கிறவர்கள் அவருக்கு விஞ்ஞானி என்று பெயர் வைத்திருந்தார்கள். கிண்டலுக்கு வைத்த பெயர்தான். அவர் அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டார். உலகத்தில் அவருக்கு அபிப்பிராயம் இல்லாத பொருள் என்று ஒன்று இருந்ததாகத் தெரியவில்லை. முட்டையைப் பச்சைத் தண்ணீரில் போட்டுத்தான் வேக வைக்க வேண்டும். மைக்ரோவேவில் சுட வைத்த சோற்றுக்கும் அடுப்பில் சுட வைத்த சோற்றுக்கும் குணம் வேறு. நிலாவில் லிஃப்ட் வைத்தால் எடை குறைவு, சின்ன மோட்டாரே போதும். "முதல்ல அங்க ஒரு மாடி கட்டட்டும்" என்று இவள் சோற்றைப் பிசைந்துகொண்டே சொல்வாள்.

மறுத்துப் பேசுவதுதான் அந்த வீட்டின் வழக்கம். சாப்பாட்டு மேஜையில் ஒருவர் ஒன்றைச் சொன்னால் மற்ற இரண்டு பேரும் அதை மறுத்தே ஆக வேண்டும். மனதுக்குள் சரி என்று பட்டாலும் விட்டுக்கொடுக்கக் கூடாது. ஆமாம் சாமி போடுவது மரியாதைக் குறைவு. காய்ச்சலில் படுத்திருப்பவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. அவர்கள் என்ன உளறினாலும் மற்றவர்கள் ஆமாம், ஆமாம் என்று தலையாட்டுவார்கள். அதனால் அந்த வீட்டில் யாராவது நாம் சொன்னதை உடனே ஒப்புக்கொண்டால் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும். கல்யாணமான புதிதில் இதைக் கண்டு மிரண்டுபோனவள், பிறகு அவரையே மிஞ்சிவிட்டாள்.

மகள் அதற்கும் ஒரு படி மேலே. வீட்டுச் சாமான் தயாரிக்கும் கம்பெனி ஒன்றின் புகார்ப் பிரிவில் அவளுக்கு வேலை. நாள் முழுக்கக் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, அடுத்தவர் வீட்டு மிக்ஸியும் வாஷிங் மெஷினும் செய்கிற அட்டகாசங்களைக் கேட்பாள். நன்றாக வேலை செய்ததற்காகக் கம்பெனி அவளுக்கு ஒரு காபி மெஷினைப் பரிசாகக் கொடுத்தது. அதைக் கொண்டுவந்து சமையலறையில் வைத்த அன்று அப்பா ஒரு கோப்பை குடித்துவிட்டு "பரவாயில்ல" என்றார். அவர் வாயிலிருந்து வந்ததால் அது முதல் வகுப்புச் சான்றிதழ்.

கொஞ்ச நாள் கழித்து அவர் கோப்பையை மூக்கருகில் வைத்துக்கொண்டு, கருகல் வாசனை வருகிறது என்றார். அம்மாவும் மகளும் முகர்ந்து பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. உற்சாகமாக மறுத்தார்கள். மகள் தன் ஆபீஸ் குரலை எடுத்து, "உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது சார், ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாருங்க" என்றாள். அவர் விடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மெஷினைக் கழற்றிச் செய்தித்தாள்மேல் பரப்பி, ஒவ்வொரு பாகமாக எடுத்து முகர்ந்து பார்த்து, திரும்ப மாட்டினார். தூளை மாற்றினார்கள், தண்ணீரை மாற்றினார்கள். கருகல் சில நாள் வந்தது, சில நாள் வரவில்லை. கடைசியில், காபியில் வாசனையே இல்லை, இது வெறும் வெந்நீர் என்று ஆரம்பித்தார்.

மகளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "மெஷின்ல ஒரு கோளாறும் இல்லப்பா. உங்க மூக்குதான் ரிப்பேர். அதுக்கு வாரண்டியும் முடிஞ்சுபோச்சு."

அன்றைக்கு அதிகம் சிரித்தது அவர்தான். புரையேறி, கண்ணில் தண்ணீர் வந்து, மகளுடைய முதுகில் தட்டிக்கொண்டே சிரித்தார்.

பிறகு போனைக் குறை சொன்னார். புதிதாக வாங்கிய போன், இடது ஓரத்தில் எழுத்துகளை முழுங்குகிறது என்றார். கடையில் கொடுத்து வேறு வாங்கி வந்தார், அதுவும் முழுங்கியது. இவள் வேலை பார்ப்பது கண்ணாடிக் கடையில். போனைத் திட்டியது போதும் என்று அவரைக் கடைக்குக் கூட்டிப் போய், நாற்காலியில் உட்கார வைத்து, சுவரில் இருந்த எழுத்து அட்டையைப் படிக்கச் சொன்னாள். ஒவ்வொரு வரியிலும் முதல் எழுத்தை விட்டுவிட்டுப் படித்தார். அவசரக்குடுக்கை, ஒழுங்காகப் படியுங்கள் என்று அதட்டிவிட்டு, புதுக் கண்ணாடி ஒன்று செய்து கொடுத்தாள். தலைவலிக்கு டியூப் லைட்டைக் குறை சொன்னார். ஒரு நாள்கூட அவர் எனக்கு முடியவில்லை என்று சொல்லவில்லை. பழுது என்று ஒன்று இருந்தால் அது பொருளில்தான் இருக்க வேண்டும் என்பது அவருக்குத் தொழில் கொடுத்த நம்பிக்கை.

பாதிக் காபியைக் குடிக்காமலேயே குப்பைத் தொட்டியில் போட்டபோது நர்ஸ் வந்து, டாக்டர் கூப்பிடுகிறார் என்றாள். மகள் வீட்டுக்குப் போயிருந்தாள், மாற்றுத்துணி எடுத்துவர.

டாக்டர் சின்ன வயதுக்காரர். திரையில் இருந்த கறுப்பு வெள்ளைப் படத்தில் ஒரு வெளுத்த இடத்தைப் பேனாவால் காட்டினார். மூளையில் கட்டி என்றார், மெதுவாக வளர்கிற வகை என்றார், அதில் ரத்தம் கசிந்துவிட்டது என்றார். இனிமேல் செய்வதற்கு ஒன்றும் இல்லை, இன்று தாண்டுவது கஷ்டம் என்பதையும் நேரடியாகவே சொல்லிவிட்டார். பிறகு எதையோ எழுதிக்கொண்டே கேட்டார்.

"வாசனையில ஏதாவது வித்தியாசம் சொன்னாராம்மா? இல்லாத கருகல் வாசனை வருதுன்னு? பார்வையில ஒரு பக்கம் மறைக்குதுன்னு?"

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காபியக் குறை சொல்லுவார்" என்றாள். "அது எப்பவுமே சொல்றதுதான்."

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். அவள் கேட்டாள். "முன்னாடியே தெரிஞ்சிருந்தா?"

"அத இப்பப் பேசி என்னம்மா ஆகப்போகுது."

"சொல்லுங்க டாக்டர்."

"எடுத்திருக்கலாம்" என்றார் அவர். "இந்த வகைய எடுத்திருக்கலாம்."

எழுத்து அட்டையின் முன்னால் அவர் உட்கார்ந்திருந்த கோலம் அவளுக்கு ஞாபகம் வந்தது. தன் கையாலேயே கண்ணாடியை அவர் காதில் மாட்டி, இப்போது சரியாகிவிட்டதா என்று கேட்டிருந்தாள். தான் அதைத் தாங்கிக்கொள்ளலாம், தனக்கு வயதாகிவிட்டது. மகளுக்கு இன்னும் எவ்வளவோ வருடம் இருக்கிறது. மூக்கு ரிப்பேர், வாரண்டி முடிந்துவிட்டது என்று சொன்ன வாயோடு அவள் அத்தனை வருடமும் இருந்தாக வேண்டும். அதை நினைத்ததும் கணவருக்காக வராத அழுகை மகளுக்காக வந்துவிட்டது.

"இந்த வாசனை விஷயத்த என் மககிட்ட மட்டும் சொல்லிடாதீங்க" என்றாள். டாக்டர் தலையசைத்தார்.

மகள் பையோடு வந்து, டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டாள். கட்டியாம், யாராலும் கண்டுபிடிக்க முடியாத கட்டியாம் என்று இவள் சொன்னாள். மகள் ஒன்றும் மறுக்கவில்லை. போனை எடுத்துப் பார்த்தாள், பிறகு திருப்பி வைத்தாள். இருவரையும் உள்ளே விட்டார்கள். அவர் தலைமாட்டில் இருந்த திரையில் கோடுகள் ஓடிக்கொண்டிருந்தன. வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது, இதை யார் வடிவமைத்தது என்று அவர் கேட்டிருப்பார். மத்தியானச் சாப்பாட்டு வண்டி வராந்தாவில் போய்க்கொண்டிருந்தபோது அவர் போய்விட்டார்.

மறுநாள் எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்தபோது கூடம் நிறைய ஆட்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள், கண்ணாடிக் கடைக்காரர்கள், நீல யூனிஃபார்மோடு அப்படியே வந்திருந்த மெக்கானிக்குகள். எல்லோருக்கும் ஏதாவது குடிக்கக் கொடுக்க வேண்டும் என்று மகள் தானாகவே சமையலறைக்குள் போய் மெஷினைப் போட்டாள். வீடு முழுக்கக் காபி மணம் பரவியது. அவள் தட்டில் கோப்பைகளை வைத்து ஒவ்வொருவரிடமும் நீட்டிக்கொண்டு வந்தாள்.

அவரோடு வருடக்கணக்காக ஜோடியாக வேலை பார்த்த கூட்டாளி ஒரு கோப்பையை எடுத்துக்கொண்டார். எதையாவது நல்லதாகச் சொல்ல வேண்டும் என்ற தவிப்பு அந்த மனிதருக்கு.

"கொஞ்ச நாளாவே மோட்டார் ரூமுக்குள்ள போனா கருகல் வாசனை வருதும்பார். எனக்கு ஒண்ணும் தெரியாது. ஆனாலும் விஞ்ஞானி சொன்னா விட முடியுமா? ஒவ்வொரு பில்டிங்கா ஏறி மோட்டாரக் கழட்டிப் பாத்தோம். எல்லாமே நல்லா இருந்துச்சு." மகளை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். "நீ சொன்னியாமே, மூக்குக்கு வாரண்டி முடிஞ்சுபோச்சுன்னு. அதைப் பாக்கிறவங்ககிட்ட எல்லாம் சொல்லுவார். என் பொண்ணு என்ன வாய் பாருங்கன்னு அவ்வளவு பெருமை." சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

தட்டில் ஒரு கோப்பைகூட அசையவில்லை. மகள் நேராக அடுத்த ஆளிடம் போய்த் தட்டை நீட்டினாள். எல்லோருக்கும் கொடுத்து முடித்த பிறகுதான் உள்ளே போனாள். அம்மா எழுந்து பின்னாலேயே போனாள்.

மெஷினிலிருந்து கடைசிக் கோப்பை இறங்கிக்கொண்டிருந்தது. மகள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"டாக்டர் உன்கிட்ட வாசனையப் பத்திக் கேட்டாராம்மா?"

"எந்த வாசனை?"

"ஆஸ்பத்திரியிலயே போன்ல படிச்சேன். அந்தக் கட்டி வந்தா முதல்ல..."

அம்மா கோப்பையை எடுத்து ஒரு வாய் குடித்தாள். நல்ல காபி. சூடும் கசப்பும் அளவாக, குறை சொல்ல ஒன்றுமில்லாத காபி. விழுங்கிவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"கருகுது" என்றாள்.

"என்னம்மா?"

"காபிதான். கருகல் வாசனை வருது. அவர் சொன்னது சரிதான். மெஷின்லதான்டி கோளாறு, நாமதான் ஒத்துக்கல."

சொல்லிவிட்டு அவள் காத்திருந்தாள். வழக்கப்படி மகள் மறுக்க வேண்டும். மறுத்தால் போதும், விடாமல் சண்டை போட்டு, கத்தி, கூடத்தில் இருப்பவர்கள் கேட்டாலும் பரவாயில்லை என்று வாதாடி, மெஷின்தான் கெட்டது என்று அவளை நம்ப வைத்துவிடலாம். வாதத்தில் அவரையே ஜெயித்தவள் இவள்.

மகள் அம்மாவின் கையிலிருந்த கோப்பையை வாங்கினாள். முகர்ந்தாள். ஒரு வாய் குடித்தாள். அம்மாவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ஆமாம்மா" என்றாள். அம்மாவின் நெற்றியில் விழுந்திருந்த முடியை ஒதுக்கிவிட்டாள். "ஆமா, கருகுது."

மீதிக் காபியைத் தொட்டியில் ஊற்றிவிட்டு மெஷினின் பிளக்கைப் பிடுங்கினாள். அலமாரிக்கு மேலிருந்து அட்டைப்பெட்டியை இறக்கினாள். வாரண்டி முடியும்வரை பெட்டியைத் தூக்கிப் போடக் கூடாது என்பது அப்பாவின் அபிப்பிராயம்; அதையும் இரண்டு பேரும் மறுத்திருந்தார்கள். தெர்மோகோல் துண்டுகள் உடையாமல் அப்படியே இருந்தன. இன்னும் சூடு ஆறாத மெஷினை அவள் அவற்றுக்கு நடுவே இறக்கி வைத்து மூடினாள். மூடி நிற்காமல் எழும்பியது. இரண்டு உள்ளங்கைகளையும் வைத்து அழுத்திக்கொண்டு நின்றாள். அம்மா இழுப்பறையில் டேப்பைத் தேடினாள்.

காபி ரொம்ப நன்றாக இருக்கிறது, இன்னும் ஒன்று கிடைக்குமா என்று கூடத்திலிருந்து யாரோ கேட்டார்கள். மகள் மூடியிலிருந்து கையை எடுக்கவில்லை.