சுண்ணாம்புக் குழிச் சாட்சி

சாயிராவுக்குச் சொரிமுத்துவைப் பிடிக்காது. தாராவித் தோல் கம்பெனியில், தோல் பதனிட ஆவாரம்பட்டை சுமக்கும் அவளையும் மற்றப் பெண்களையும் அவன் கூப்பிடும் தோரணை அப்படி. சனிக்கிழமை சாயந்திரமானால் சாராயத்தைப் போட்டுவிட்டுச் சந்து முழுக்கப் பாடிக்கொண்டு வருவான். ஆனால் செவ்வாய்க்கிழமை காலையில், தோல் ஊறும் சுண்ணாம்புக் குழியின் மேல் கிடந்த பலகை முறிந்து அவன் உள்ளே விழுந்தபோது, நாலடி தள்ளி நின்று பார்த்தவள் அவள் ஒருத்திதான். இடுப்பு வரை வெந்துபோய் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான்.

வியாழக்கிழமை விசாரணை. மாட்டுங்காவில் குடியிருக்கும் சர்க்கார் ஃபாக்டரி இன்ஸ்பெக்டர் அனந்தநாராயணன் குழிக்கரைக்கே வந்துவிட்டார். யுத்தம் முடிந்து ஒரு வருஷமாகியும் கம்பெனிக்கு நல்ல பலகை வாங்க நேரமில்லை. ஆனால் மேனேஜர் பிரம்மநாயகத்துக்குப் பதில் தயார் செய்ய இரண்டு நாள் போதுமானதாக இருந்தது.

"குடிச்சிருந்தாம் சார். நாந்தான ஓடிவந்து தூக்கினேன்? வாயில குப்புன்னு சாராயம் அடிச்சுது."

அந்த வாக்கியம் காகிதத்தில் ஏறிவிட்டால் சொரிமுத்துவின் வேலை போய்விடும். கம்பெனி கொடுத்த ஒற்றை அறையிலிருந்து அவன் பெண்டாட்டியும் மூன்று பிள்ளைகளும் ஒன்றாம் தேதி தெருவில் நிற்க வேண்டும். அந்தப் பெண்டாட்டியைச் சாயிராவுக்குத் தெரியும். அவளுக்காகத்தான் சாட்சி சொல்ல வந்து நின்றாள்.

"முறிஞ்ச பலகை எங்கே?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"அடுப்பெரிக்கப் போயிட்டு சார்."

வெகு சுறுசுறுப்பான கம்பெனி. இன்ஸ்பெக்டர் சாயிராவிடம் திரும்பினார்.

"நீ சொல்லும்மா. அவன் குடிப்பானா?"

"குடிப்பாம் சார். சனிக்கெழம குடிச்சத என் கண்ணால பாத்திருக்கேன். செவ்வாக்கெழம குடிச்சத நாம் பாக்கல."

"குடிச்சிருப்பான்னு நினைக்கறயா?"

சாயிராவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "நான் நெனக்கது உங்க காயிதத்துக்கு எதுக்கு சார்? மேனேஜரய்யாவப் பத்திக்கூட நான் நெனக்கது நெறைய இருக்கு. அதையும் எழுதிருவமா?"

பட்டைக் கட்டுகளுக்குப் பின்னாலிருந்து யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பிரம்மநாயகத்தின் முகம் சிவந்தது. அவர் தூணைக் காட்டினார். அதில் ஒரு பச்சைக் கயிறு கட்டியிருந்தது.

"அது என்னன்னு கேளுங்க சார். இந்தக் குழி வருசத்துக்கு ஒரு ஆளக் காவு கேக்குதாம். பேய் பிசாசுன்னு சொல்லுதவ பேச்ச வச்சா விசாரிக்கீக?"

"நாந்தான் கட்டுனேன்" என்றாள் சாயிரா. "தர்காவுல ஓதி வாங்கிட்டு வந்த கயிறு. அது என் நம்பிக்கை. அது எனக்கும் அல்லாவுக்கும் உள்ளது, காயிதத்துல வேண்டாம். பலக உளுத்துப்போயிருந்துது. அவங் கால வச்சதும் நடுவுல முறிஞ்சுது. அத நான் பாத்தேன். அத எழுதுங்க."

அனந்தநாராயணன் பேனாவைத் தூக்கியபடியே யோசித்தார். நியாயமான மனுஷர், ஆனால் நியாயத்தைச் சீக்கிரம் முடித்துவிட்டு ரயிலைப் பிடிக்க விரும்புகிறவர். "நீ கண்ணால பார்த்தே. சரி. அவர் மூக்கால மோந்தேங்கறார். அதுவும் சாட்சிதானேம்மா?"

சாயிரா மேனேஜரின் மூக்கைப் பார்த்தாள். மூக்கு தெரியவில்லை. நீலகிரித் தைலத்தில் தோய்த்த கைக்குட்டை அதை மூடியிருந்தது. ஏழு வருஷமாக அந்தக் கைக்குட்டை இல்லாமல் அவர் குழிப்பக்கம் வந்ததை அவள் கண்டதில்லை.

அவள் விறுவிறுவென்று போய்த் தன் சாப்பாட்டு டப்பாவை எடுத்துவந்தாள். மூடியைத் திறந்து, உள்ளே இருப்பது தெரியாதபடி மேலே துணியைப் போர்த்தி இன்ஸ்பெக்டரிடம் நீட்டினாள்.

"செவ்வாக்கெழமையும் இந்தக் கைக்குட்டையோடதான் வந்தாக. அத எடுத்துட்டே மோந்து பாக்கட்டும் சார். உள்ள என்ன இருக்குன்னு சொல்லட்டும்."

"ஏளா, வாய மூடு!" என்று சீறினார் மேனேஜர்.

"எடுங்கோ பிரம்மநாயகம்" என்றார் இன்ஸ்பெக்டர்.

பிரம்மநாயகம் எடுத்தார். சுண்ணாம்பும் ஊறிய தோலும் அழுகிய மயிரும் சேர்ந்த நெடி மூக்கில் ஏறியதும் கண்ணில் தண்ணீர் கொட்டியது. டப்பாவுக்குமேல் குனிந்தார், இருமினார், மறுபடி குனிந்தார்.

"சோறு" என்றார் கடைசியில். "வெறுஞ் சோறு."

இன்ஸ்பெக்டரும் தம் மூக்கை வைத்துப் பார்த்தார். "எனக்கும் ஒண்ணும் தெரியலையே."

சாயிரா துணியை விலக்கினாள். சோற்றின் மேல், நேற்றுப் பொரித்த நெத்திலிக் கருவாடு ஒரு கை நிறையக் கிடந்தது. அனந்தநாராயணன் இரண்டடி பின்னால் துள்ளினார். அதுவரை சும்மா இருந்த வயிறு, பார்த்த பிறகுதான் அவருக்குக் குமட்டியது. பிறவிச் சைவரான பிரம்மநாயகம் கைக்குட்டையை மறுபடி மூக்கில் அழுத்திக்கொண்டார்.

"இந்த எடத்துல கருவாடே தெரியாத மூக்கு சார் இது" என்றாள் சாயிரா. "சாராயம் அடிச்சுதாம்."

இன்ஸ்பெக்டர் வாயைத் துடைத்துக்கொண்டு, சாராய வாடை பற்றி எழுதியிருந்த வரியைக் குறுக்காக அடித்தார். அதன் கீழே புதிதாக எழுதி, தமிழில் படித்துக் காட்டினார். பலகை உளுத்திருந்தது, கால் வைத்ததும் முறிந்தது, அவன் விழுந்தான். அவ்வளவுதான் இருந்தது. சாயிரா இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கட்டைவிரலை மையில் தோய்த்துக் காகிதத்தில் வைத்தாள்.

"நாளையிலேருந்து நீ வேலைக்கு வரவேண்டாம்" என்றார் பிரம்மநாயகம், பல்லைக் கடித்துக்கொண்டு.

இந்தக் கூலிதான் அவள் வீட்டு அடுப்பு. ஆனால் விரல் இன்னும் காகிதத்தின் மேல்தான் இருந்தது. அவள் அதை எடுக்கவில்லை.

"சார், பேனாவ மூடிராதீங்க" என்றாள். "இப்ப மேனேஜரய்யா சொன்னதையும் எழுதுங்க. இது நான் நெனச்சதும் இல்ல, நம்புனதும் இல்ல. எங் காதால கேட்டது. நீங்களுந்தான் கேட்டீங்க."