உடன் வருபவர்

வீட்டில் எல்லாரும் அவளிடம் அன்பாக இருந்தார்கள். அதிலேயே அவளுக்குச் சந்தேகம் வந்தது.

வேலை முடிந்து வந்து, செருப்பைக் கழற்றி, வெள்ளைக் கோலை மடக்கி அலமாரி ஓரம் வைப்பதற்குள் மாமியார் டீயைக் கொண்டுவந்து கையில் கொடுத்தாள். கேட்காமல் டீ வருகிற வீடல்ல அது. டிவி ஓடவில்லை. கணவன் கடையிலிருந்து சீக்கிரமே வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். அவன் மூச்சு விடுவது கேட்டது. போதாக்குறைக்கு, படியேறும்போதே கீழ்வீட்டு அம்மாள் அவள் கையைப் பிடித்து, "மனசப் போட்டுக் குழப்பிக்காத. பெரியவங்க நல்லதுக்குத்தான் சொல்லுவாங்க" என்றிருந்தாள். எதைச் சொல்கிறாள் என்று கேட்பதற்குள் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள்.

"என்ன ஆச்சு அத்தை?"

"ஒண்ணும் ஆகல. டீயக் குடி, ஆறிடும்."

"கீழ்வீட்டம்மா என்னவோ சொன்னாங்களே."

"அவ வாய் சும்மா இருக்காதே." மாமியார் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "ஆஸ்பத்திரிலேருந்து மெசேஜ் வந்துச்சு. நீ போய் டெஸ்டுக்கு ரத்தம் குடுத்துட்டு வந்தியாமே, எங்ககிட்டகூடச் சொல்லாம."

"தலை சுத்தலா இருந்துச்சு, அதான் குடுத்தேன். ஆனா எனக்கு மெசேஜ் எதுவும் வரலையே?"

"எனக்கு வந்துச்சு."

"என்னன்னு?"

கணவன் தொண்டையைச் செருமினான். மாமியாரே சொன்னாள். "முழுகாம இருக்கியாம்."

வயிறு அவளுடையது. சேதி போனது மாமியாரின் கைப்பேசிக்கு. அங்கிருந்து கணவனுக்கு, பிறகு கீழ்வீட்டுக்கு. கடைசியில்தான் அவளுக்கு. என்ன நியாயமோ இது! கல்யாணமாகி நான்கு வருஷம் அவள் காத்திருந்த சேதி, ஊரெல்லாம் சுற்றிக் களைத்துப்போய் அவளிடம் வந்து சேர்ந்தது. அவளுக்குச் சந்தோஷப்படவும் தெரியவில்லை, கோபப்படவும் தெரியவில்லை. டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

தெருவில் இந்தக் குடும்பத்துக்கு நல்ல பெயர். கண் தெரியாத பெண்ணை மருமகளாக எடுத்தவர்கள், பெரிய மனசுக்காரர்கள் என்று சொல்வார்கள். மாதம் பிறந்தால் சம்பளம் வாங்குகிற பெண்ணை எடுத்தவர்கள் என்று யாரும் சொன்னதில்லை. சொன்னால் அது அநாகரிகமல்லவா? அவளுக்கு மின்சார அலுவலகத்தில் புகார் கேட்கும் வேலை. வீடே இருட்டாகிவிட்டது என்று போனில் கத்துகிறவர்களுக்கெல்லாம், "கொஞ்சம் பொறுங்க சார், வந்துடும்" என்று நாள் முழுக்கப் பதில் சொல்லிவிட்டு வருவாள். அப்படிச் சொல்லிச் சொல்லி அவளுக்குப் பொறுமை தொழிலாகவே ஆகிவிட்டது.

"வெள்ளிக்கிழமை டாக்டரம்மாவப் பாக்க நேரம் போட்டாச்சு" என்றாள் மாமியார்.

"யாரு போட்டா?"

"நான்தான். என் போன்லேயே போட முடிஞ்சுது. சும்மா பேசிட்டு வரலாம்."

"என்ன பேசறதுக்கு?"

"இப்போதான் ஆரம்பம். இப்பவே பாத்துட்டா சிரமமில்லையாம்."

அந்த வார்த்தை எங்கே போகிறது என்பது புரிய அவளுக்குச் சற்று நேரம் பிடித்தது. கலைக்கச் சொல்கிறாள் என்று புரிந்ததும் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"பேசறதுன்னா எனக்கும் வாய் இருக்கு அத்தை. டாக்டர்தான் என்கிட்டப் பேசவே மாட்டாங்க. போன தடவ எனக்குக் காய்ச்சல், உங்ககிட்டக் கேட்டாங்க, 'இவங்களுக்கு எத்தன நாளா இருக்கு'ன்னு. நான் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன்."

"நான் என்ன பண்ணட்டும், அவங்க கேட்டா சொல்லித்தானே ஆகணும்." மாமியாரின் குரலில் கெட்ட எண்ணம் இல்லை, அதுதான் கொடுமை. அவளும் களைத்தவள். புருஷன் போனபின் இரண்டு பிள்ளைகளைத் தனியாளாக வளர்த்தவள். "நீ அடுப்புப் பக்கம் போனாலே எனக்கு உசுரு போய் உசுரு வருது. கைக்குழந்தைய உன்கிட்டக் குடுத்துட்டு நான் எப்படித் தூங்குவேன்? என் முட்டியப் பாரு, நான் இன்னும் எத்தன நாளைக்கு? அப்புறம்... அதுக்கும் உன்ன மாதிரியே ஆயிட்டா?"

"எனக்குச் சின்ன வயசுல காய்ச்சல்ல போன கண்ணு. பொண்ணு பாக்க வந்தப்பவே எங்கப்பா சொன்னாரு."

"சொன்னாரு. இல்லேங்கல."

அவள் கணவன் இருந்த பக்கம் திரும்பினாள். "நீங்க என்னங்க சொல்றீங்க?"

அவன் நல்லவன். குடிக்க மாட்டான், கை ஓங்க மாட்டான். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லவும் மாட்டான். நச்சரித்துக் கேட்டால் சொல்வான். "அம்மா நமக்காகத்தானே சொல்றாங்க. உனக்கும் வேலைக்குப் போக முடியாமப் போயிடும்... இப்ப இருக்கற நெலமைல..."

அவ்வளவுதான். நான்கு வருஷமாக யாரும் சொல்லாததை அவன் பாதி வாக்கியத்தில் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டான். அழுகை வரும் என்று நினைத்தாள், அசதிதான் வந்தது.

அந்த நேரம் பார்த்துக் கொழுந்தன் வந்தான். ஆஸ்பத்திரியின் இணையதளத்தைச் செய்து கொடுத்த கம்பெனியில் வேலை பார்க்கிறவன். காலையில் போனவனுக்கு வீட்டில் நடந்தது எதுவும் தெரியாது. வாசலிலேயே குரல் துள்ளியது.

"அண்ணி, உங்களுக்கு ஒரு வேலை வெச்சிருக்கேன். அடுத்த வாரம் ஆஸ்பத்திரில விழா. நம்ம வெப்சைட்டப் பத்தி நீங்க ரெண்டு வார்த்தை பேசணும், வீடியோவுல. 'இப்போ யார் துணையும் இல்லாம என் ஆஸ்பத்திரி வேலையெல்லாம் நானே பாத்துக்கறேன்'னு. அவ்ளோதான்."

கணவன் நாற்காலியில் நெளிந்தான்.

இந்த இடத்தில் அந்த இணையதளத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். முன்பு அதில் எல்லாமே படம். கண் தெரியாதவர்களின் கைப்பேசி எழுத்தைத்தான் வாசிக்கும், படத்தை வாசிக்காது. அதனால் ஊனமுள்ளவர்களுக்கென்று தனிப் பக்கம் கட்டும்படி உத்தரவாயிற்று. கட்டியவன் கொழுந்தன். ஆசையாகத்தான் கட்டினான், சாயங்காலங்களில் அண்ணியைப் பக்கத்தில் உட்கார வைத்து, இது கேட்கிறதா, அது கேட்கிறதா என்று கேட்டுக் கேட்டுச் செய்தான். 'நீங்கள் மாற்றுத்திறனாளியா' என்ற கேள்விக்கு 'ஆம்' என்றால் அந்தப் பக்கம் திறக்கும். கூடவே இன்னொரு கட்டமும் வரும்: உடன் வருபவர் பெயர், கைப்பேசி எண். அதை நிரப்பாமல் நகர முடியாது. நிரப்பியபின் ரத்த முடிவு, சந்திப்பு நேரம் எல்லாமே அந்த எண்ணுக்குத்தான் போகும். கண் தெரியாதவர், காது கேளாதவர், நடக்க முடியாதவர் யாரானாலும் தனியாகவா வரப்போகிறார்கள் என்று மேலாளர் கேட்டார். இவனுக்கும் அது சரியென்றே பட்டது. முதல் ஆளாக அண்ணியைத் தன் கையாலேயே பதிந்தான். உடன் வருபவர் என்ற இடத்தில் அம்மாவின் எண்ணைப் போட்டான். அண்ணியைக் கேட்கத் தோன்றவில்லை.

"இப்பவே எடுத்துடலாமா தம்பி?" என்றாள் அண்ணி.

"இப்பவா? டயர்டா இருப்பீங்களே."

"டயர்டு எப்பவும் இருக்கறதுதானே. எடு."

அவன் கைப்பேசியை நீட்டிப் பிடித்துக்கொண்டான். அவள் தன் கைப்பேசியில் ஆஸ்பத்திரிப் பக்கத்தைத் திறந்தாள். குரல் தெளிவாக வாசித்தது: வெள்ளிக்கிழமை, மகப்பேறு மருத்துவர், காலை பத்து மணி. "என்னது அண்ணி, மகப்பேறா?" என்று கொழுந்தன் வாயைப் பிளந்தான். அவள் விரலை நகர்த்தினாள். 'சந்திப்பை ரத்து செய்ய இருமுறை தட்டவும்.' தட்டினாள்.

'உடன் வருபவரின் கைப்பேசிக்கு ஓடிபி அனுப்பப்பட்டுள்ளது.'

மாமியாரின் மடியில் கைப்பேசி சிணுங்கியது.

"நம்பரச் சொல்லுங்க அத்தை."

மாமியார் கைப்பேசியைப் பார்த்தாள். பெரிய மகனைப் பார்த்தாள். "நிதானமாப் பேசிக்கலாம்மா. எதுக்கு அவசரம்?"

"என் பேருல போட்டத நான் ரத்து பண்றேன். நம்பரச் சொல்லுங்க."

மாமியார் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தாள். சற்று நேரத்தில் 'நேரம் முடிந்தது' என்றது குரல்.

கொழுந்தனின் கை மெல்ல இறங்கியது. என்ன நடக்கிறது என்று அவனுக்கு யாரும் எடுத்துச் சொல்லத் தேவையிருக்கவில்லை. "அண்ணி... அந்த நம்பர் கட்டாயம்னு போட்டிருக்கு. நான்தான் போட்டேன். உங்களுக்கு வசதியா இருக்கட்டும்னு..."

"வசதியாத்தான் இருக்கு. எனக்கில்ல." அவள் குரலை உயர்த்தவில்லை. "உங்க அண்ணன் போய் ரத்தம் குடுத்தா முடிவு யாருக்கு வரும்?"

"அண்ணனுக்கு."

"எனக்கு வரணும்னா நான் என்ன பண்ணணும்?"

அவன் யோசித்தான். யோசித்ததைச் சொல்லத் தயங்கினான். "அந்தக் கேள்விக்கு 'இல்லை'ன்னு மாத்தினா உங்க நம்பருக்கே வரும். ஆனா அண்ணி, சாதாரணப் பக்கத்துக்குப் போயிடும். அது உங்களுக்குப் படிக்காது. எல்லாம் படமா இருக்கும்."

"அத மாத்தறதுக்கும் அத்தை நம்பர் வேணுமா?"

"வேண்டாம்" என்றான். ஆம் என்று சொன்ன ஒருவர் திரும்ப வந்து இல்லை என்று மாற்றுவார் என்று அவர்களில் யாரும் நினைக்கவில்லை. அதனால் அங்கே பூட்டுப் போடவும் யாருக்கும் தோன்றவில்லை.

அவள் தேடிப் போனாள். 'நீங்கள் மாற்றுத்திறனாளியா? ஆம். தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளது.' விரலை அடுத்த கட்டத்துக்கு நகர்த்தித் தட்டினாள். 'இல்லை. நன்றி. இனி உங்கள் தகவல்கள் உங்களுக்கே அனுப்பப்படும்.' அதோடு குரலுக்குச் சொல்ல ஒன்றும் இல்லாமல் போயிற்று. படம், படம், பொத்தான், படம் என்று உளறியது.

"ரத்து எங்க தம்பி?"

"டேய், நீ சும்மா இரு" என்றாள் மாமியார். "என் வயித்துல பொறந்தவன்தானே நீ."

"அவங்க வயித்துல இருக்கறதப் பத்தித்தாம்மா பேச்சு" என்றான் அவன். குனிந்து அண்ணியின் விரலைப் பிடித்து ஓரிடத்தில் வைத்தான். இந்தமுறை அவள் கையிலிருந்த கைப்பேசி சிணுங்கியது. எண்களை ஒவ்வொன்றாக, எல்லாருக்கும் கேட்கும்படி வாசித்தது. அவள் அடித்தாள். ரத்தாகிவிட்டது என்று அவன்தான் பார்த்துச் சொன்னான், பக்கம் சொல்லவில்லை.

கணவன் எழுந்து வந்து அவள் பக்கத்தில் நின்றான். ஏதோ சொல்ல வந்தவன், "சாப்பிட்டியா" என்று மட்டும் கேட்டான். அவள் தலையசைத்தாள். மாமியார் அன்றிரவு சாப்பிடவில்லை. மறுநாளும் அவளோடு பேசவில்லை. ஆனால் மூன்றாம் நாள், யாரும் கேட்காமல், அடுப்படியில் வழுக்கும் இடத்தில் ஒரு சாக்கை விரித்துப் போட்டாள்.

விழா சிறப்பாக நடந்தது. கொழுந்தன் எடுத்த வீடியோவைப் பார்த்த மேலாளர் இது சரிப்படாது என்றார். கணக்குப் பிரிவில் வேலை செய்யும் பெண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி போட்டுவிட்டு, யார் துணையும் இல்லாமல் எல்லாம் நானே பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்ல வைத்தார்கள். நன்றாகவே சொன்னாள், கைதட்டலும் கிடைத்தது. அந்தக் கட்டாயத்தை எடுத்துவிடலாம் என்று கொழுந்தன் கேட்டதற்கு, ஆஸ்பத்திரி ஏற்றுக்கொண்ட வேலையில் இனிமேல் கை வைக்காதே என்று பதில் வந்தது. அவன் வேறொன்று செய்தான். எல்லாரும் பார்க்கிற அந்தச் சாதாரணப் பக்கத்தில், தினமும் கொஞ்சம் கொஞ்சமாக, பெயரில்லாத பொத்தான்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டு வந்தான். யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால்தானே வேண்டாம் என்பார்கள்.

வேறொரு நாள், தானே போட்ட நேரத்துக்கு, அவள் வேலைக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். "நானும் வரட்டா" என்று கணவன் வாசல்வரை வந்து கேட்டான். "பிரசவத்துக்கு வாங்க" என்று சொல்லிவிட்டு இறங்கினாள்.

கவுண்டரில் இருந்த பெண் எண்ணைத் தட்டிப் பார்த்தாள். நிமிர்ந்து கோலைப் பார்த்தாள். "கூட யாரும்மா வந்திருக்கா?"

"யாரும் வரல."

"இங்க தப்பா ஏறியிருக்கும்மா. ஊனம் இல்லைன்னு காட்டுது." நல்ல மனசுக்காரி, குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "நான் ஆமான்னு மாத்திடறேன். மாத்திட்டா நீங்க நிக்க வேண்டாம், நேரா உள்ள போகலாம். வீட்ல யாராவது நம்பர் மட்டும் சொல்லுங்க."

காலையிலிருந்து அவளுக்குக் குமட்டல். கால்கள் இரண்டும் கனத்தன. உட்கார ஓர் இடம் கிடைத்தால் போதும் என்றிருந்தது.

"மாத்தாதீங்கம்மா" என்றாள். "அது சரியாத்தான் இருக்கு."

பிறகு வரிசையின் கடைசி எங்கே என்று பக்கத்தில் நின்றவரைக் கேட்டுக்கொண்டு, அங்கே போய் நின்றாள்.